விந்தணு உருவாகும் 74 நாட்கள்: மரபணுக்கள் எப்போது விழிக்கின்றன, எங்கே தடைபடுகின்றன

விந்துப் பரிசோதனை முடிவில் ‘விந்தணு இல்லை’ என்று ஒரு வரி வந்துவிட்டால், பலரும் அதையே கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு இடிந்துபோகிறார்கள். அந்த வரி சொல்வது வெளியே என்ன வந்தது என்பதை மட்டும்தான். உள்ளே விந்தணு உருவாகத் தொடங்கவே இல்லையா, பாதிவரை உருவாகி நின்றுவிட்டதா, முழுதாக உருவாகியும் வெளியேற வழியில்லாமல் தேங்கிக் கிடக்கிறதா என்பதை அது சொல்லாது. இவை மூன்று வேறு நிலைமைகள். ஒன்றுக்கு ஊசி மருந்து உண்டு, இன்னொன்றுக்கு அறுவை சிகிச்சை உண்டு, மற்றொன்றில் அறுவை சிகிச்சையே செய்யக்கூடாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ‘ஏன் இல்லை’ என்பதைவிட ‘எந்தப் படியில் நின்றது’ என்பதுதான். அந்தப் படிகளை நடத்துபவை மரபணுக்கள்.

மரபணு ‘வேலை செய்கிறது’ என்றால் என்ன?

மனித உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் ஒரே மரபணுத் தொகுதிதான் இருக்கிறது. அதில் புரதம் உருவாக்கும் மரபணுக்கள் சுமார் 20,000. கல்லீரல் செல்லும் விழித்திரைச் செல்லும் வேறுவேறாக இருப்பதற்குக் காரணம், அந்த 20,000 இல் எவை திறந்திருக்கின்றன, எவை மூடியிருக்கின்றன என்பதுதான். திறந்திருக்கும் மரபணுவிலிருந்து செல் ஓர் ஆர்என்ஏ நகல் எடுக்கிறது. பிறகு அந்த நகலைப் படித்து ரைபோசோம்கள் புரதத்தைச் செய்கின்றன. நகல் எடுப்பது ஒரு வேலை, நகலிலிருந்து புரதம் செய்வது இன்னொரு வேலை. மற்றச் செல்களில் இவை அடுத்தடுத்து நடந்துவிடும். விந்தணுவில் இரண்டுக்கும் நடுவே நாட்கணக்கில் இடைவெளி விழுகிறது. பின்னால் இதை விரிவாகப் பார்ப்போம்.

உடலிலேயே அதிக மரபணுக்கள் திறந்திருக்கும் இடம் விந்தகம். மூளையைக்கூட அது மிஞ்சிவிடுகிறது. புரதம் உருவாக்கும் மரபணுக்களில் 80 சதவீதத்துக்கு அருகில் அங்கே ஏதோ ஓர் அளவில் நகலெடுக்கப்படுகின்றன. ஆனால் ஒரு மரபணு விந்தகத்தில் திறந்திருக்கிறது என்பதால் மட்டும் அது விந்தணுவுக்கு இன்றியமையாதது ஆகிவிடாது. விந்தகத்தில் மிகுதியாக இயங்கும் 54 மரபணுக்களை ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிகளில் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்து, ஆண் எலிகளின் கருவுறச் செய்யும் திறன் கெடவில்லை என்று 2016 இல் வெளியிட்டார்கள். மரபணுப் பரிசோதனை அறிக்கையில் ஏதோ ஒரு பெயரைப் பார்த்ததும் ‘காரணம் கிடைத்துவிட்டது’ என்று முடிவுகட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

வேலை நடக்கும் இடம்

ஒவ்வொரு விந்தகத்துக்குள்ளும் விந்து நுண்குழல்கள் சுருண்டு கிடக்கின்றன. ஒரு குழலின் குறுக்களவு ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர்தான், எல்லாவற்றையும் நீட்டிப்போட்டால் நூற்றுக்கணக்கான மீட்டர் வரும். குழலைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், வெளிச்சுவரை ஒட்டி விந்தணுக்களுக்கு மூலமான ஸ்டெம் செல்களும், உள்ளே போகப்போக மேலும் மேலும் முதிர்ந்த நிலைகளும், நடு வெற்றிடத்தை நோக்கி வால் நீட்டியபடி முதிர்ந்த விந்தணுக்களும் தெரியும். எந்தப் படியில் வேலை நின்றது என்பதைத் திசுவைப் பார்த்தே சொல்ல முடிவதற்கு இந்த அடுக்கு வரிசைதான் காரணம்.

சுவரிலிருந்து நடுப்பகுதிவரை நீண்டு நிற்பவை செர்டோலி செல்கள். வளரும் செல்களைத் தாங்கிப் பிடித்து, ஊட்டம் கொடுத்து, ரத்தத்திலிருந்து அவற்றைப் பிரித்துக் காக்கும் தடுப்பையும் இவையே கட்டுகின்றன. குழல்களுக்கு வெளியே இருக்கும் லீடிக் செல்கள் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கின்றன. மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்எச் என்ற ஹார்மோனால் லீடிக் செல்லையும், எஃப்எஸ்எச் என்ற ஹார்மோனால் செர்டோலி செல்லையும் இயக்குகிறது.

இங்கே பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. விந்தணுவாக மாறும் செல்களுக்கு டெஸ்டோஸ்டிரோனை நேரடியாக உணரும் ஏற்பி கிடையாது. அது செர்டோலி செல்லில்தான் இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் செர்டோலி செல்லின் மரபணுக்களைத் திறக்க, அந்தச் செல் தரும் கட்டளைகளால்தான் விந்தணுவின் வளர்ச்சி நகர்கிறது. அதற்குத் தேவையான டெஸ்டோஸ்டிரோன் செறிவு விந்தகத்துக்குள் ரத்தத்தில் இருப்பதைப்போலப் பல பத்து மடங்கு இருக்க வேண்டும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் ரத்தத்தில் அளவு ஏறும்; அதைப் பார்த்து பிட்யூட்டரி தன் சுரப்பை நிறுத்தும்; விந்தகத்தின் உள்ளே செறிவு சரிந்துவிடும். 1990 இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் கருத்தடை ஆய்வில் ஆரோக்கியமான ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடப்பட்டபோது, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணு எண்ணிக்கை பூஜ்யமானது. உடற்பயிற்சிக்கூடத்தில் தசை வளர்க்கப் போடும் ஸ்டீராய்டு ஊசிகளும் இதையேதான் செய்கின்றன. குழந்தைக்காக முயலும் ஆண் இதை மருத்துவரிடம் மறைத்தால், மற்ற எல்லாப் பரிசோதனைகளும் தவறான திசையில் போய்விடும். நிறுத்திய பிறகு பெரும்பாலானோருக்கு உற்பத்தி திரும்பிவிடும், ஆனால் ஆறு மாதம், ஓராண்டு, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்.

ஒரு விந்தணு உருவாகி முடிய மனிதரில் சுமார் 74 நாட்கள். பிறகு எபிடிடிமிஸ் என்ற சுருள்குழாயில் முதிர இரண்டு வாரம் வரை. இன்று கொடுக்கும் மாதிரியில் இருப்பவை மூன்று மாதத்துக்கு முன் பயணத்தைத் தொடங்கியவை. கடும் காய்ச்சல் வந்துபோன பின்னரோ, ஒரு மருந்தை மாற்றிய பின்னரோ இரண்டு வாரத்தில் மறுபரிசோதனை செய்வதில் பயனில்லை என்பது இதனால்தான். மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

முதல் படி: தங்குவதா, புறப்படுவதா

சுவரோரம் இருக்கும் ஸ்டெம் செல்லுக்கு இரண்டு கடமைகள். தன்னைப்போல் இன்னொன்றை உருவாக்கிக் கையிருப்பைக் காக்க வேண்டும். அதே நேரம் சில செல்களை விந்தணுவாக அனுப்பவும் வேண்டும். செர்டோலி செல் முதலானவை சுரக்கும் ஜிடிஎன்எஃப் என்ற புரதம் ‘ஸ்டெம் செல்லாகவே இரு’ என்கிறது. எலிகளில் இதைக் குறைத்தபோது கையிருப்பு தீர்ந்து குழல் வெறுமையானது. மிகுதியாக்கியபோது முதிராத செல்கள் குவிந்து கிடந்தன. இரண்டிலும் விந்தணு இல்லை.

‘புறப்படு’ என்ற உத்தரவைத் தருவது வைட்டமின் ஏ யிலிருந்து உருவாகும் ரெட்டினாயிக் அமிலம். அது ஸ்ட்ரா8 என்ற மரபணுவைத் திறக்கிறது. அதன்பின் செல், குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பகுப்புக்குள் நுழைகிறது. வைட்டமின் ஏ அறவே இல்லாத உணவில் வளர்த்த எலிகளில் வேலை இந்த வாசலிலேயே நின்றுவிடும். திரும்பக் கொடுத்தால் எல்லாச் செல்களும் ஒரே நேரத்தில் புறப்படும். இதைப் படித்துவிட்டு வைட்டமின் ஏ மாத்திரையை அள்ளிப் போட வேண்டாம். போதிய உணவு உண்பவருக்குக் கூடுதல் மாத்திரையால் இந்த உத்தரவு வலுப்படாது. அளவு மீறினால் கல்லீரல் கெடும்.

இரண்டாம் படி: மிக ஆபத்தான மூன்று வாரம்

முதல்நிலை ஸ்பெர்மட்டோசைட் என்ற செல்லில் குன்றல் பகுப்பு தொடங்குகிறது. 46 குரோமோசோம்கள் 23 ஆகக் குறைய வேண்டும். அதற்கு முன், தந்தைவழி வந்த குரோமோசோமும் தாய்வழி வந்த அதன் இணையும் ஒன்றையொன்று தேடிப் பிடித்து, பக்கம் பக்கமாக ஒட்டி, துண்டுகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். மூன்று வாரங்களுக்கும் மேல் நீளும் இந்தக் கட்டத்தில் செல் தன் டிஎன்ஏவைத் தானே வேண்டுமென்றே வெட்டுகிறது. எஸ்பிஓ11 என்ற புரதம் நூற்றுக்கணக்கான இடங்களில் இரு இழைகளையும் அறுக்கிறது. டிஎம்சி1, ராட்51 போன்றவை அறுபட்ட முனையை இணைக் குரோமோசோமில் கோத்துச் சரிசெய்கின்றன. எஸ்ஒய்சிபி3, டெக்ஸ்11 முதலானவை இரண்டையும் ஒரு பல்லிணைச் சங்கிலிபோல் பூட்டி வைக்கின்றன.

இவற்றில் ஒன்று பழுதானால்கூட வெட்டுகள் ஆறாமல் கிடக்கும், அல்லது இணைகள் பொருந்தாமல் போகும். செல்லின் உள்காவல் அதைக் கண்டுகொண்டு அந்தச் செல்லையே அழித்துவிடும். குறைபட்ட குரோமோசோமோடு ஒரு குழந்தை உருவாவதைத் தடுக்கும் பாதுகாப்பு இது. ஆனால் எல்லாச் செல்லும் அங்கேயே விழுந்தால் விந்தணு எண்ணிக்கை பூஜ்யம். மருத்துவத்தில் இதற்கு ‘முதிர்ச்சித் தடை’ என்று பெயர். டெக்ஸ்11 எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று, அதுவும் தாயிடமிருந்து வருவது. தாய்க்கு இன்னொரு நல்ல பிரதி இருப்பதால் அவருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. மகனுக்கு மாற்றுப் பிரதி இல்லை. ‘எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இப்படி இல்லையே’ என்று கேட்பவர்களுக்கு ஒரு விடை இதில் இருக்கிறது.

இந்தக் கட்டத்தில் இன்னொரு விந்தையும் நடக்கிறது. மற்ற 22 குரோமோசோம்களும் இணையோடு ஒட்டிக்கொள்ள, எக்ஸும் ஒய்யும் நுனியில் மட்டுமே பொருந்துகின்றன. பொருந்தாமல் நிற்கும் பகுதியைச் செல் மூடிவிடுகிறது. இரண்டும் சேர்ந்து உட்கருவின் ஓரத்தில் ஒரு பொட்டலமாகச் சுருங்கி, அவற்றின் மரபணுக்கள் ஏறக்குறைய முழுமையாக வாயடைத்துப் போகின்றன. இதில் ஒரு சிக்கல். சர்க்கரையைச் சிதைத்து ஆற்றல் எடுக்கத் தேவையான பிஜிகே1 மரபணு எக்ஸில்தான் இருக்கிறது. அது மூடப்பட்டால் செல் எப்படிப் பிழைக்கும்? அந்த மரபணுவின் ஒரு பழைய நகல், பிஜிகே2 என்ற பெயரில், 6 ஆம் குரோமோசோமில் குடியேறியிருக்கிறது. உடலின் மற்ற இடங்களில் உறங்கிக் கிடக்கும் அது, எக்ஸ் மூடப்படும் இந்த நேரத்தில் விந்தகத்தில் விழித்துக்கொள்கிறது. எக்ஸும் ஒய்யும் சரியாக மூடப்படாமல் போனாலும் செல் இறந்துவிடும். மூட வேண்டியதை மூடாததும் ஒரு கோளாறுதான்.

டிஎன்ஏவுக்குள் இடம்விட்டு இடம் தாவும் துண்டுகளைக் கட்டிவைப்பதும் இதே காலத்து வேலை. பிவி என்ற புரதங்களும் அவற்றோடு சேர்ந்த குட்டி ஆர்என்ஏக்களும் இந்தக் காவலைச் செய்கின்றன. அந்தக் குட்டி ஆர்என்ஏக்களைச் செதுக்கும் பிஎன்எல்டிசி1 மரபணு பழுதான ஆண்களில் விந்தணு உருவாகாமல் நின்றது 2021 இல் வெளிவந்தது.

மூன்றாம் படி: கடிதத்தை எழுதிப் பூட்டிவைத்தல்

குன்றல் பகுப்பு முடிந்ததும் கிடைப்பது உருண்டையான ஸ்பெர்மட்டிட். 23 குரோமோசோம்கள் சரியாக வந்துவிட்டன. ஆனால் வால் இல்லை, கூர்தலை இல்லை. அடுத்த மூன்று வாரத்துக்கும் சற்றுக் கூடுதலான காலத்தில் ஒருமுறைகூடப் பிரியாமல் உருவம் மட்டும் மாற வேண்டும்.

உருமாற்றத்தின் மையத்தில் ஒரு பொதிகட்டும் வேலை இருக்கிறது. சாதாரணச் செல்லில் டிஎன்ஏ ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளைச் சுற்றிக் கிடக்கும். விந்தணுவின் தலை ஐந்து மைக்ரோமீட்டருக்குள் அடங்க வேண்டும், நீந்தும்போது உள்ளிருக்கும் டிஎன்ஏ சிதையவும் கூடாது. ஆகவே ஹிஸ்டோன்கள் கழற்றப்பட்டு, இடைமாற்றுப் புரதங்கள் வந்து, கடைசியில் புரோட்டமின்கள் அமர்கின்றன. புரோட்டமின் மிகச் சிறிய புரதம். அதில் ஏறக்குறைய பாதி ஆர்ஜினைன் என்ற நேர்மின் அமினோ அமிலம். எதிர்மின் கொண்ட டிஎன்ஏவை அது இறுக அணைத்துக்கொள்கிறது. மனித விந்தணுவில் ஒரு சிறு பங்கு ஹிஸ்டோன்கள் மட்டும் மிஞ்சி நிற்கும்.

இவ்வளவு இறுக்கிக் கட்டிய டிஎன்ஏவைத் திறந்து படிக்க முடியாது. கட்டத் தொடங்கியதும் நகலெடுப்பு நின்றுபோகும். ஆனால் கட்டுவதற்கான புரோட்டமினும், வாலுக்கான புரதங்களும் அதற்குப் பிறகும் தேவை. செல் என்ன செய்கிறது? பொதி கட்டும் முன்பே, உருண்டை நிலையிலேயே, புரோட்டமினுக்கான ஆர்என்ஏ நகலை எடுத்துவிடுகிறது. அந்த நகலின் மேல் சில புரதங்கள் படிந்து, ரைபோசோம் நெருங்காதபடி பூட்டிவைக்கின்றன. எலிகளில் இந்தப் பூட்டு ஏறத்தாழ ஒரு வாரம் நீடிக்கிறது. நாள் வந்ததும் திறந்து, எழுதிவைத்த கடிதத்தைப் படித்துப் புரோட்டமின் செய்யப்படுகிறது. பூட்டை முன்கூட்டியே திறந்தால் என்ன ஆகும் என்று 1995 இல் எலிகளில் செய்து பார்த்தார்கள். மரபணுவில் பழுதில்லை, புரதத்திலும் பழுதில்லை. சில நாள் முந்தி வந்தது, அவ்வளவுதான். உட்கரு அகாலத்தில் இறுகி, ஸ்பெர்மட்டிட்டுகள் வளர்ச்சி நின்று, எலிகள் மலடாயின.

மனிதரில் பிஆர்எம்1, பிஆர்எம்2 என்ற இரண்டு வகைப் புரோட்டமின்கள் ஏறக்குறைய சம அளவில் இருக்கும். இந்த விகிதம் கலைந்த ஆண்களில் டிஎன்ஏ சிதைவு கூடுதலாகவும் கருத்தரிப்பு குறைவாகவும் காணப்படுகிறது. எண்ணிக்கை நன்றாக இருந்தும் கரு தங்காத சில தம்பதிகளில் மருத்துவர் டிஎன்ஏ சிதைவுப் பரிசோதனை கேட்பதன் பின்னணி இது.

ஒரு கேள்வி எழலாம். ஸ்பெர்மட்டிட்டுகளில் பாதிக்கு எக்ஸ் இருக்கிறது, பாதிக்கு ஒய் இருக்கிறது. ஒய் மட்டும் உள்ளவை எக்ஸ் மரபணுக்களின் புரதம் இல்லாமல் எப்படி வளர்கின்றன? ஒரே தாய்ச்செல்லிலிருந்து பிரிந்த செல்கள் முழுதாகப் பிரிவதில்லை. அவற்றுக்கிடையே நுண்ணிய பாலங்கள் கடைசிவரை திறந்திருக்கும். ஆர்என்ஏவும் புரதங்களும் அவற்றின் வழியே ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகின்றன. பாலத்தைக் கட்டும் டெக்ஸ்14 மரபணுவை நீக்கிய ஆண் எலிகளுக்கு விந்தணு உருவாகவே இல்லை.

எங்கே உடைகிறது

படிகள் தெரிந்துவிட்டால் கோளாறுகளைப் புரிந்துகொள்வது எளிது. கடைசிப் படியில் உடைவது எண்ணிக்கையைவிட வடிவத்தில் தெரியும். டிபிஒய்19எல்2 மரபணு இல்லாதவர்களின் விந்தணுக்கள் எல்லாம் உருண்டைத் தலையோடு, முட்டையைத் துளைக்கும் நுனித் தொப்பி இல்லாமல் இருக்கும். அவற்றை முட்டைக்குள் நேரே செலுத்தினாலும், முட்டையை விழிக்கவைக்கும் புரதம் குறைவதால் கருவுறுதல் அடிக்கடி தோற்கிறது. முட்டையைத் தூண்டும் கூடுதல் படி தேவைப்படுகிறது. டிஎன்ஏஎச்1 போன்றவை பழுதானால் வால் குட்டையாகவோ, சுருண்டோ, இல்லாமலோ இருக்கும். ஆனால் தலைக்குள் இருக்கும் டிஎன்ஏ பெரும்பாலும் நன்றாக இருப்பதால், விந்தணுவை முட்டைக்குள் நேரே செலுத்தும் இக்சி முறையில் நல்ல பலன் உண்டு. முந்தைய பகுப்புப் படியில் வேலை செய்யும் ஏயுஆர்கேசி பழுதானாலும் அது வடிவத்தில்தான் தெரியும்: பெரிய தலையும் பல வால்களும் இருக்கும். பகுப்பே முடியாததால் அந்தத் தலையில் குரோமோசோம் நான்கு மடங்கு இருக்கும். அதை முட்டைக்குள் செலுத்தக் கூடாது. பரிசோதனை அறிக்கையில் மூன்றும் ‘வடிவக் குறைபாடு’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. அந்தச் சொல்லோடு நின்றுவிடாமல் என்ன வடிவம் என்று கேட்டு வாங்குங்கள்.

ஒய் குரோமோசோமின் நீண்ட கையில் ஏஇசட்எஃப் என்ற பகுதி இருக்கிறது. விந்தணு இல்லாத ஆண்கள் சிலரில் அந்தக் கையின் நுனி அறுந்திருப்பதை இத்தாலியின் டியெபொலோவும் சுஃப்ஃபார்டியும் 1976 இல் கண்டார்கள். 1996 இல் அது ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்துக் காட்டப்பட்டது. ஒய்க்கு இணை இல்லாததால் அது தன்னைத் தானே சரிசெய்துகொள்ள, ஒரே வரிசையைக் கண்ணாடிப் பிம்பம்போல் பல இடங்களில் எழுதிவைத்திருக்கிறது. அந்த ஒத்த வரிசைகள் தவறாகப் பிணைந்துகொண்டால் நடுப்பகுதி அப்படியே கழன்று விழுகிறது. சி பகுதியில் கழலும் துண்டு சுமார் 35 லட்சம் டிஎன்ஏ எழுத்து நீளம். விந்தணு உருவாக உதவும் டாஸ் மரபணுவின் நான்கு பிரதிகளும் அதோடு போய்விடும்.

எந்தத் துண்டு போனது என்பதைப் பொறுத்து எல்லாம் மாறுகிறது. ஏ பகுதி முழுதாகப் போனால் குழலில் செர்டோலி செல்கள் மட்டுமே மிஞ்சும். பி பகுதி முழுதாகப் போனால் குன்றல் பகுப்பில் நின்றுவிடும். இந்த இரண்டிலும் விந்தகத்தைத் திறந்து தேடினாலும் விந்தணு கிடைப்பதில்லை. அறுவை சிகிச்சை வேண்டாம் என்று சொல்வதுதான் நேர்மை. சி பகுதி போனவர்களில் பாதிப்பேர் அளவில் நுண்ணோக்கி அறுவை சிகிச்சையில் விந்தணு கிடைக்கிறது. சிலருக்கு விந்திலேயே குறைந்த எண்ணிக்கையில் வரும், ஆண்டுகள் போகப்போக அது குறையவும் கூடும், ஆகவே இப்போதே உறையவைத்துக்கொள்வது நல்லது. இவர்களுக்குப் பிறக்கும் எல்லா மகன்களுக்கும் அதே ஒய்தான் போகும். தம்பதி இதை முன்னரே அறிந்திருக்க வேண்டும்.

குரோமோசோம் எண்ணிக்கையே மாறியிருப்பதும் உண்டு. கூடுதலாக ஒரு எக்ஸ் உள்ள கிளைன்ஃபெல்டர் நிலை ஏறத்தாழ 600 ஆண்களில் ஒருவருக்கு இருக்கிறது. பலர் குழந்தைக்காக மருத்துவரிடம் போகும்போதுதான் அறிகிறார்கள். அவர்களிலும் கணிசமானோருக்கு அறுவை சிகிச்சையில் விந்தணு கிடைக்கிறது.

சிஎஃப்டிஆர் மரபணுவின் கதை வேறு. அது பழுதானவருக்குப் பிறவியிலேயே விந்துக்குழாய் இரு பக்கமும் இருக்காது. விந்தகம் முழு வேகத்தில் வேலை செய்யும், வழிதான் இல்லை. விந்து 1.4 மில்லிலிட்டருக்கும் குறைவாக, அமிலத்தன்மையோடு, ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரை இல்லாமல் வந்தால் இதை நினைக்க வேண்டும். விந்தணுவை ஊசியால் எடுத்துவிடலாம். ஆனால் அதற்கு முன் மனைவிக்கும் இதே மரபணுவைச் சோதிக்க வேண்டும். இருவரிடமும் பழுது இருந்தால் குழந்தைக்கு நுரையீரலையும் கணையத்தையும் கெடுக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் வரலாம்.

பரிசோதனையின் வரிசை

கடைசியாக விந்து வெளியேறியதிலிருந்து இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளிவிட்டு மாதிரி கொடுக்க வேண்டும். 2021 இல் வந்த உலக சுகாதார நிறுவனக் கையேட்டின்படி கீழ் எல்லை: மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணு, மொத்தம் 3.9 கோடி, முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம், இயல்பு வடிவம் 4 சதவீதம். 4 சதவீதம் என்பதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் பலர். நூற்றில் நான்கு இயல்பாக இருந்தால் போதும் என்பதே அதன் பொருள். விந்தணு தெரியவில்லை என்றால் மாதிரியை 3000 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றி, அடியில் படிந்ததைப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் ‘இல்லை’ என்று எழுதிய அறிக்கையை ஏற்க வேண்டாம். இன்னொரு நாள் இரண்டாவது மாதிரியும் அவசியம்.

அடுத்து, காலையில் எடுத்த ரத்தத்தில் எஃப்எஸ்எச், எல்எச், டெஸ்டோஸ்டிரோன். எஃப்எஸ்எச் மிக உயர்ந்து விந்தகமும் சிறுத்திருந்தால் உற்பத்தியில் கோளாறு. எஃப்எஸ்எச்சும் எல்எச்சும் அடிமட்டத்தில் இருந்தால் உத்தரவு வரவில்லை என்று பொருள். பிறவியிலேயே அப்படி இருக்கும் கால்மன் நோய்க்குறியில் ஹார்மோன் ஊசிகளால் மாதக்கணக்கில் சிகிச்சை செய்து விந்தணுவை உருவாக்க முடிகிறது. மரபணுக் கோளாறுகளில் மருந்தால் விந்தணு வரவழைக்கக்கூடிய அரிய வகை இது. எஃப்எஸ்எச் இயல்பாகவும் விந்தகம் நல்ல அளவிலும் இருந்தால் அடைப்பு என்று எண்ணத் தோன்றும். இங்கேதான் ஏமாறுகிறார்கள். குன்றல் பகுப்பில் நின்றுபோனவர்களுக்கும் ஹார்மோன் இயல்பாகவே இருக்கலாம். முந்தைய நிலைச் செல்கள் குழலில் நிறைந்திருப்பதால் பிட்யூட்டரிக்குக் குறை தெரிவதில்லை.

எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 50 லட்சத்துக்கும் கீழே இருந்தால் குரோமோசோம் பரிசோதனை செய்கிறார்கள். உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் குழாயில் எடுத்த ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களை மூன்று நாள் வளர்த்துப் பார்க்க வேண்டியிருப்பதால் முடிவு தாமதமாகும். ஒய் துண்டிழப்புக்கு ஈடிடிஏ குழாயில் சில மில்லிலிட்டர் ரத்தம் போதும். டிஎன்ஏ துண்டைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் முறையில் ஏ பகுதிக்கு எஸ்ஒய்84, 86; பி பகுதிக்கு 127, 134; சி பகுதிக்கு 254, 255 என்று இரண்டிரண்டு குறிகளைத் தேடுவார்கள். துண்டு இருந்தால் பட்டை தெரியும். கழன்றிருந்தால் அந்த இடம் வெறுமையாக இருக்கும். ஒரு பகுதியின் இரண்டு குறிகளும் சேர்ந்து மறைந்தால்தான் துண்டிழப்பு. ஒன்று மட்டும் மறைந்திருந்தால் பரிசோதனையே பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம். திரும்பச் செய்ய வேண்டும்.

இவையெல்லாம் இயல்பாக வந்தும் விந்தணு இல்லாதவர்களே பெரும்பான்மை. அவர்களுக்கு டெக்ஸ்11, எஸ்டிஏஜி3, எம்1ஏபி போன்ற பல மரபணுக்களை ஒரே முறையில் படிக்கும் பரிசோதனை இருக்கிறது. ‘பொருள் தெளிவாகாத மாற்றம்’ என்று முடிவு வந்தால் அதை நோய் என்று கொள்ளக் கூடாது. குடும்பத்தாரின் ரத்தத்தோடு ஒப்பிட்டுத்தான் எதுவும் சொல்ல முடியும்.

மாத்திரை பற்றி

எண்ணிக்கை குறைவு என்றதும் துத்தநாகம், ஃபோலிக் அமிலம் என்று மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். 2020 இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 2,370 தம்பதிகள் பங்கேற்றார்கள். பாதி ஆண்கள் ஆறு மாதம் தினமும் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் 30 மில்லிகிராம் துத்தநாகமும் எடுத்தார்கள், மீதிப்பேர் வெற்று மாத்திரை. குழந்தை பிறந்தது முதல் குழுவில் 34 சதவீதம், இரண்டாவதில் 35 சதவீதம். கழன்று விழுந்த ஒய் துண்டை எந்த மாத்திரையும் ஒட்டாது. இழப்பது பணம் மட்டுமில்லை. மனைவியின் வயது ஏறிக்கொண்டே போகிறது, அந்தக் காலம் திரும்பாது.

விந்தகத்தில் எடுக்கும் திசு

விந்தகத்தைத் திறந்து விந்தணு தேடும்போது, எடுக்கும் திசுவில் ஒரு சிறு துண்டைத் திசுப் பரிசோதனைக்கு ஒதுக்கச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள். அது வழக்கமான ஃபார்மலினில் போகாமல், திசுவைக் கெடாமல் காக்கும் பூவான் கரைசலில் போக வேண்டும். ஃபார்மலினில் விந்தகத் திசு சுருங்கி, உட்கருவின் நுணுக்கம் கலங்கிவிடும். ஸ்பெர்மட்டோசைட் எது, உருண்டை ஸ்பெர்மட்டிட் எது என்று பிரித்துச் சொல்வது கடினமாகும். அறிக்கையில் ‘செர்டோலி செல் மட்டும்’, ‘முதிர்ச்சித் தடை’, ‘உற்பத்திக் குறைவு’ என்ற மூன்றில் ஒன்று இருக்கும். ‘முதிர்ச்சித் தடை’ என்றிருந்தால், கண்ணில் பட்ட மிக முதிர்ந்த செல் எது என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஸ்பெர்மட்டோசைட்டோடு நின்றதா, ஸ்பெர்மட்டிட் வரை வந்ததா என்ற அந்த ஒரு வரியை வைத்துத்தான் எந்த மரபணுக்களில் தேடுவது, மறுபடி ஒருமுறை திறந்து பார்ப்பதில் பயன் உண்டா என்பதை மருத்துவர் முடிவு செய்ய முடியும்.